வளரும் பாறையும் வளராத மண்ணும்

விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கிளித்தட்டைப் பற்றி எழுதினால் அது நாட்டார் வழக்காறு. மாணாக்கர் கைத்தொலைபேசியில் ஆடும் ஆட்டத்தைப் பற்றி எழுதினால் அது காலவிரயம் என்று பிரித்துப் பார்க்கும் மனப்பாங்கு நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஒரு சமுதாயம் உழைப்பைப் பற்றி உள்ளூர என்ன எண்ணுகிறது, எதை விரும்புகிறது, எதைக் காண மறுக்கிறது என்பனவற்றை அதன் மேடைப் பேச்சுக்களிலும் பார்க்க அதன் விளையாட்டுக்கள் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அந்த எண்ணத்துடனேயே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் மன்னார்த் தீவில் தமிழ் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் உலோகங்களைப் பற்றி எழுதிய கட்டுரையொன்று சில காலத்துக்கு முன் என் கைக்கு வந்தது. செம்பும் வெள்ளீயமும் கலந்தால் வெண்கலம். இரும்புத் தாதுவை உலையிலிட்டால் பாதி வீணாகும். உருக்குச் செய்வதற்கு இரும்போடு நிலக்கரியும் வேண்டும் என்று, கம்மாலையில் பிறந்து வளர்ந்தவன்போல் அவன் எழுதியிருந்தான். அவனுடைய தந்தையாரோ கடற்றொழிலாளி. இவற்றையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

“விளையாட்டில படிச்சது, சேர். நீங்களும் ஒருக்கா விளையாடிப் பாருங்கோ” என்றான்.

அந்தத் தவணை விடுமுறையில் நான் அவனுக்கு மாணவனானேன்.

விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தம் சகோதரரின் துணையோடு உருவாக்கி 2001 சனவரியில் வெளியிட்டது. பழைய வடிவமே வேண்டும் என்று ஆட்டக்காரர் விரும்பியதால் 2013இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2018இல் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இணையத்தின் வழியே அதனுள் நுழைந்து, ஒரு பாத்திரத்தை ஏற்று நடமாடலாம். போர் புரியலாம், மீன் பிடிக்கலாம், மரம் தறிக்கலாம், சமைக்கலாம். நான் தேர்ந்துகொண்டவை சுரங்கத் தொழிலும் கொல்லத் தொழிலுமாகும்.

புதிதாக வருபவனை முதலில் ஒரு சிறு தீவில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே தொழில் பழக்கும் ஆசான் ஒருவர் அவன் கையில் வெண்கலப் பிக்காசு ஒன்றைக் கொடுக்கிறார். வெள்ளீயப் பாறையையும் செம்புப் பாறையையும் அவன் கொத்தித் தாது எடுக்கிறான். இரண்டையும் உலையிலிட வெண்கலப் பாளம் ஒன்று கிடைக்கிறது. பிறகு சம்மட்டியைப் பெற்று, அப்பாளத்தைப் பட்டடையில் வைத்து அடித்து, ஒரு குறுவாளாக்கிக் கொள்கிறான். மனிதகுலம் பல தலைமுறைகள் தட்டுத் தடுமாறிக் கண்டடைந்த வித்தை சில நிமிடங்களில் அவனுக்குக் கைவந்துவிடுகிறது.

அதன் பின்னர்தான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. தொழில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 99 வரை நிலைகள் உண்டு. 15ஆம் நிலையை எட்டியவனே இரும்புப் பாறையைத் தொடலாம். 30ஆம் நிலையில் நிலக்கரி. 40ஆம் நிலையில் பொன். அதற்கு மேல் மண்ணுலகில் இல்லாத கற்பனை உலோகங்கள். எடுக்கும் ஒவ்வொரு தாதுவுக்கும் அனுபவப் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. ஓர் இரும்புத் தாதுவுக்கு 35 புள்ளிகள். 99ஆம் நிலைக்கு 13,034,431 புள்ளிகள் வேண்டும். இரும்பை மட்டுமே வெட்டி அந்த நிலையை அடைய விரும்புபவன் ஏறத்தாழ 372,000 தடவை தாது எடுக்கவேண்டும். நிலைகள் உயர உயர ஏற்றமும் கடினமாகிறது. 92ஆம் நிலையில் நிற்பவன் மொத்தப் பாதையில் பாதியைத்தான் கடந்திருக்கிறான்.

இத்தகைய சலிப்பூட்டும் வேலையை, கூலியில்லாமல், இளைஞர்கள் ஏன் விரும்பிச் செய்கிறார்கள்? சில நாட்கள் நானும் பாறை கொத்திய பின்னர் இவ்வினாவுக்கு ஒருவாறு விடை தென்பட்டது. அந்த உலகில் உழைப்பு தொலைந்துபோவதில்லை. எடுத்த தாது ஒவ்வொன்றும் எடுத்தவனின் பெயரிலே பதியப்படுகிறது. நேற்றுக் கற்றதை இன்று யாரும் இல்லையென்று சொல்லமுடியாது. இன்னொன்றும் உண்டு. ‘நீ யாருடைய மகன்? எந்தக் குறிச்சி?’ என்று அந்த உலை கேட்பதில்லை. கடற்றொழிலாளியின் பிள்ளையும் கணக்காளரின் பிள்ளையும் ஒரே பிக்காசோடு, ஒரே முதல் நிலையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நம்முடைய சமுதாயம் உலோகத் தொழிலாளியை எவ்வாறு நடத்தியது? புறநானூற்றுப் புலவர் பொன்முடியார், தாய், தந்தை, வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை அடுக்கிய பாட்டிலே கொல்லனின் கடமையையும் அதே வரிசையில் வைத்தார். வேல் வடித்துத் தருவது அவன் கடன் என்றார். அக்காலத்துக்கு அது பெரிய மதிப்புத்தான். ஆனால் பின்வந்த நூற்றாண்டுகள் அவனுடைய கடமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டன. வேல் பிடித்தவன் வீரனானான். வேல் செய்தவன் சாதியானான். கையால் செய்யும் அறிவு பிறப்போடு கட்டப்பட்டது. பிறப்போடு கட்டப்பட்டதாலேயே அது அறிவென்றும் கொள்ளப்படவில்லை.

இன்று நாம் பழம்பெருமை பேசுவதில் குறைவைக்கவில்லை. தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ்நிலத்து இரும்பின் காலத்தை கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசென்றபோது எங்கள் ஆசிரியர் அறையிலும் மகிழ்ச்சி பொங்கியது. மகிழ வேண்டியதுதான். ஆனால் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கொல்லனைக் கொண்டாடும் நாம், அடுத்த ஊரில் இன்று இரும்படிக்கும் கொல்லனின் பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினான் என்று கேட்பதில்லை.

நம் இலங்கைத் தீவிலேயே இதற்கு அருமையான சான்றொன்று உண்டு. பலாங்கொடைக்கு அப்பால், சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்புருக்கும் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அவ்வுலைகளைப் போன்றே கட்டி, துருத்தியின்றித் தென்மேல் பருவக்காற்றை மட்டுமே கொண்டு தாதுவை உருக்கிக் காட்டினார். அதன் பயன் 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அந்த உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டுவரை எரிந்தவை. கரிச்சத்து மிகுந்த உருக்கே அவற்றில் விளைந்தது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீபத்து உருக்கையும் குறிப்பிட்டார். காற்று எந்த மாதத்தில் எத்திசையிலிருந்து வரும், சரிவின் எவ்விடத்தில் அது சுழலும், உலையின் முன்சுவர் எவ்வாறு அமையவேண்டும் என்பனவற்றை அறிந்திருந்த அத்தொழிலாளர்களில் ஒருவரது பெயரைத்தானும் வரலாறு காத்து வைக்கவில்லை. விளையாட்டின் கணக்கேடு எந்தச் சிறுவனுக்கும் தரும் மரியாதையை வரலாற்றின் கணக்கேடு அவர்களுக்குத் தரவில்லை.

திரையில் கற்றதை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பி, தீவை அடுத்த பெருநிலப் பரப்பிலுள்ள ஒரு கம்மாலைக்கு அம்மாணவனையும் வேறு சிலரையும் அழைத்துச் சென்றேன். வயல் சார்ந்த ஊர் அது. மண்வெட்டி, கத்தி, கோடரி, சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தி ஆகியனவே அங்கே ஆகும் பண்டங்கள். உலையில் சிரட்டைக்கரி எரிந்தது. இரும்பு, பழைய லொறியொன்றின் வில்லுத்தகடு. முதியவர் அதனைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கி, அலகைத் தண்ணீரில் தோய்த்தெடுத்து, ஒரு பக்கத்தை மினுக்கி எங்களிடம் காட்டினார். உட்சூடு மெல்ல அலகை நோக்கிப் பரவப் பரவ அதன் நிறம் மாறிக்கொண்டு வந்தது.

“நிறத்தைப் பாருங்கோ, மாஸ்ரர். வைக்கல் நிறம் வரேக்க திரும்பத் தண்ணிக்க வைக்கோணும். நீலம் வர விட்டமெண்டா அலகு மடியும். முந்தினால் தெறிச்சுப் போகும்” என்றார்.

என் மாணவன் கேட்டான்: “இதைப் பழக எத்தினை வருஷம் செல்லும், ஐயா?”

“கைக்கு விளங்குமட்டும், தம்பி.”

திரும்பிவரும் வழியில் அவன் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் அவனாகவே சொன்னான்: “அங்க பாதி இரும்பு அதிர்ஷ்டத்தில போகும், சேர். இங்க ஒவ்வொண்டுக்கும் காரணம் இருக்கு.” எனக்கு அது பெரிய திறனாய்வாகப் பட்டது. விளையாட்டில் இரும்புத் தாது பாளமாகுமா ஆகாதா என்பது நாணயம் சுண்டுவது போன்றது. பட்டறையில் தோல்விக்கு நிறம் உண்டு, நேரம் உண்டு, கரியின் தரம் உண்டு. அங்கே ஒரு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம். உண்மையான வெண்கலத்திலோ பத்தில் ஒன்பது பங்களவு செம்பேயாகும். அங்கே ஒரு தாதுவோடு இரண்டு நிலக்கரி சேர்த்தால் உருக்கு. உண்மையான உருக்கிலே கரியின் அளவு நூற்றுக்கு இரண்டு பங்கையும் எட்டாது. அந்தச் சிற்றளவை இரும்பினுள் செலுத்தி நிறுத்துவதிலேதான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

எனினும் அளவு பிசகியது சிறிய விடயம். விளையாட்டென்றால் சுருக்கம் வேண்டும். அது மறைத்துவிட்ட வேறு இரண்டு உண்மைகளே நாம் கவனிக்கவேண்டியவை.

முதலாவது, அங்கே பாறை திரும்பவும் வளர்கிறது. கொத்தி முடித்த செம்புப் பாறை இரண்டு மூன்று விநாடியில் மீண்டும் நிறைகிறது. நிலக்கரிக்கு அரை நிமிடம். மிக உயர்ந்த கற்பனை உலோகமான ரூனைற்றுக்குக்கூட 12 நிமிடங்கள் காத்திருந்தாற் போதும். இலட்சக்கணக்கானோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெட்டியும் அந்நாட்டில் ஒரு குழிதானும் விழவில்லை. இரண்டாவது, அங்கே தாது வெட்டியவனின் பைக்கே போகிறது. அந்தப் பையில் 28 இடங்கள் உண்டு. அவ்விருபத்தெட்டும் அவனுடையவை. கங்காணி இல்லை, ஒப்பந்தக்காரன் இல்லை, அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் கம்பெனியும் இல்லை. நிலமும் தேயாது, உழைப்பும் திருடப்படாது என்ற இந்த இரட்டைக் கனவே அவ்விளையாட்டின் இனிமை. மனிதர் காணவேண்டிய கனவுதான் அது. ஆனால் கனவை உலகமென்று எண்ணிவிடுதல் ஆகாது.

அந்தக் கனவுக்குள்ளேயும் உலகம் புகுந்துவிட்டதைப் பாருங்கள். வெனிசுவேலா நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்து, நாணயம் பெறுமதியிழந்த காலத்தில், 2017 அளவில், அந்நாட்டு மக்கள் பலர் இந்த விளையாட்டினுள் நாள் முழுவதும் உழைத்து, கிடைத்த விளையாட்டுப் பொன்னைச் செல்வ நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு விற்று, அரிசியும் மருந்தும் வாங்கினர். நிறுவனத்தின் விதி அத்தகைய விற்பனையைத் தடைசெய்கிறது. பிடிபட்டால் கணக்கு மூடப்படும். நாட்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். வேறு ஆட்டக்காரர் சிலரோ, வெனிசுவேலா மக்களை விளையாட்டினுள் தேடிக் கொல்வது எவ்வாறு என்று கையேடு எழுதி மகிழ்ந்தனர். அதற்கும் முன்னர், 2007இல், ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் சீனத்தின் நாஞ்சிங் நகரத்தில் வேறொரு விளையாட்டின் பொன்னைத் திரட்டும் தொழிற்கூடத்தைக் கண்டு எழுதினார். அங்கே இளைஞர்கள் இரவெல்லாம் 12 மணிநேரம் திரையின் முன் அமர்ந்து உழைத்தனர். மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்க சதமே கூலி. பாறை பொய், பொன் பொய், ஆனால் சுரண்டல் மட்டும் மெய்யாக இருந்தது. பசித்தவனின் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. இருப்பவனின் வேலையோ அவனுக்கு விளையாட்டாகிவிடுகிறது.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். சுரங்கம் என்ற சொல் மன்னார்த் தீவின் பிள்ளைகளுக்கு இன்று வெறும் கற்பனையன்று. இத்தீவின் மணலில் இல்மனைற் முதலிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. இல்மனைற் என்பது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனோடு கூடிய கறுப்புக் குருணி. அதிலிருந்து பெறப்படும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு, வண்ணப்பூச்சுக்கும் கடதாசிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெண்மையூட்டுகிறது. கறுப்பு மணலிலிருந்து உலகத்தின் வெள்ளை! கிழக்குக் கரையின் புல்மோட்டை மணலுக்காக 1957இலேயே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. எனினும் பல பத்தாண்டுகளாக அங்கிருந்து இல்மனைற் பெரும்பாலும் கனிமமாகவே கப்பலேறியது. வெண்மையின் விலை வேறு நாடுகளில் விளைந்தது. அண்மை ஆண்டுகளில் மன்னார்த் தீவிலும் அந்நிய நாட்டு முதலீட்டில் ஆய்வு அனுமதிகள் பெறப்பட்டு, பனங்காணிகளிடையே துளைகள் இடப்பட்டன.

எங்கள் தீவு கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த மணற்பரப்பு. இங்கே பெய்யும் மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகளும் பனைகளும் அந்தப் படலத்தை நம்பியே நிற்கின்றன. மணல் என்பது எங்களுக்கு வெறும் மண்ணன்று. அதுவே எங்கள் தண்ணீர்ப் பானை. பானையை உடைத்து அதிலுள்ள கறுப்புக் குருணியைப் பொறுக்கிக்கொண்டு, உடைந்த ஓட்டை மீண்டும் பரப்பிவிட்டால் பானையாகிவிடுமா என்றுதான் மக்கள் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் மீனவரும் குருமாரும் பெண்களும் இளைஞரும் மதபேதமின்றி வீதியோரத்தில் நாட்கணக்கில் அமர்ந்து, கனிய மணல் அகழ்வுக்கும் தீவினுள் காற்றாலைகளை மேலும் நிறுவுவதற்கும் எதிராகக் குரலெழுப்பினர். 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி திட்டத்தின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே எங்கள் தென்கரையில் சுழல்கின்றன. சமனலவெவையின் கொல்லர்கள் காற்றைப் பிடித்து இரும்பு செய்தார்கள். இன்று காற்றும் எங்களுடையது, மணலும் எங்களுடையது. முடிவு மட்டும் வேறெங்கோ எடுக்கப்படுகிறது.

உலோகமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் பாறை கொத்திய கைத்தொலைபேசியே எத்தனையோ சுரங்கங்களின் திரட்டு. எங்கள் வகுப்பறைச் சுவரின் வெண்மையிலும் எவருடைய ஊரின் மணலோ பூசப்பட்டிருக்கலாம். வெட்டலாமா என்ற கேள்வியோடு எவ்விடத்தில், எவ்வளவு, யாருடைய சம்மதத்தோடு, யாருடைய பயனுக்கு என்ற கேள்விகளும் சேரவேண்டும் என்பதே என் வாதம். இக்கேள்விகளை அறிவோடு கேட்க வேண்டுமானால் உலோகத்தைப் பற்றிய அறிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தாது எது, உலையில் நடப்பது என்ன, ஓர் அந்தர் மணலின் விலைக்கும் ஓர் அந்தர் வெண்ணிறத்தூளின் விலைக்கும் இடையே நிற்கும் உழைப்பு எது என்று தெரியாதவன், ஒப்பந்தத்தின் முன் ஊமையாகவே நிற்பான்.

ஆகையால் வகுப்பிலே ஒரு பயிற்சி கொடுத்தேன். ‘விளையாட்டுச் சுரங்கத்தில் இல்லாதவை எவை?’ என்று எழுதச் சொன்னேன். இருமல் என்றான் ஒருவன். சம்பள நாள் என்றான் வேறொருவன். மாணவி ஒருத்தி இவ்வளவே எழுதினாள்: “அந்த நாட்டில் பாறைக்குப் பக்கத்தில் கிணறு இல்லை; கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு இல்லை.” புவியியற் பாடத்தையும் பொருளியற் பாடத்தையும் அவள் இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிட்டாள்.

ஆசிரிய நண்பர்களே, நம் மாணாக்கரின் ஆட்டங்களைப் பறித்தெறிவதால் ஆவதொன்றுமில்லை. தொழிலைப் பிறப்போடு கட்டாத ஓர் உலகத்தை, உழைப்பை உழைத்தவனின் பெயரிலே எழுதும் ஒரு கணக்கேட்டை அவர்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தையே பற்றிக்கொண்டு, நம் பட்டறைகளில் அந்தக் கணக்கேடு ஏன் இல்லை என்று அவர்களைக் கேட்கச் செய்யலாம். 2013இல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. எனினும் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் எடுபடாதவர்கள் ஒதுங்கும் இடமென்றே பெற்றோர் பலர் அதை இன்றும் கருதுகின்றனர். கை அறிவை அறிவென்று ஏற்காத பழைய நோய் இது. அதற்கு மருந்து வகுப்பறையில்தான் தொடங்கவேண்டும். கொல்லரை வகுப்புக்கு அழைப்போம். வகுப்பைக் கம்மாலைக்குக் கொண்டுசெல்வோம். கிணற்று நீரின் உவர்ப்பை மாணாக்கரைக் கொண்டே மாதந்தோறும் அளந்து எழுதிவைப்போம். விளையாட்டில் புள்ளிகளை எண்ணப் பழகிய பிள்ளைகளுக்கு அது கடினமான வேலையன்று. நாளை யாராவது வந்து இங்கே எதுவும் கெடவில்லை என்று சொன்னால், எங்கள் பிள்ளைகளின் கையிலும் ஒரு கணக்கேடு இருக்கும்.